சுண்ணாம்புக் கட்டடத்தைக் காப்பாற்ற வந்தவர்களே, சிமென்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள்

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு, இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரமான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அதன்பின் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் எழுந்த பழைய அலுவலகங்களும் பங்களாக்களும் பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்பு, மரம். அவற்றைக் காப்பாற்றக் கிளம்பும் ஊர்க்காரர்கள் முதலில் செய்வது சிமென்ட் பூச்சு. இடிப்பவர்களைவிட இவர்களிடம்தான் எனக்குப் பயம்.

சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சிப் பூச்சு வழியே வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் மேலே ஏறும், உப்பு உள்ளேயே படியும், கடைசியில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். மேலே அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள். நீறாத துகள் இருந்தால் பூசிய பிறகு பொரிந்து குழி விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைப் பழைய கொத்தனார்கள் சேர்ப்பார்கள். ஒரு தடவைக்கு 12 மி.மீ. தாண்டாமல் பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட வேண்டும். மாம்பழ சீசன் வெயிலில் பூசினால் வெடிப்பு நிச்சயம்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய தட்டைக் கூரை) ஒழுகினால் மேலே கான்கிரீட் கொட்டாதீர்கள்; உத்திரம் அந்தப் பாரத்துக்கு வைத்ததல்ல. பெரும்பாலும் குற்றவாளி அடைபட்ட தண்ணீர்ப் போக்கிதான். அதைத் திறந்துவிட்டு, உத்திரம் சுவரில் நுழையும் முனையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். மக்கல் அங்கேதான் தொடங்கும். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு இழுத்தால் கூடவே செங்கல்லும் வரும். அறுத்து, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி தடவி, காய்ந்த பிறகு எடுங்கள்.

"இடியும் நிலை" என்று யாராவது சொன்னால், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பில் பதித்துத் தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. மழை முடியும்வரை முழுதாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய விரிசல். மாதம் ஒரு படம், அதே இடத்திலிருந்து, பக்கத்தில் அளவுகோலோடு.

அரசுக் கட்டடமானால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு, உறுதித்தன்மைச் சான்று, இடிப்பு உத்தரவு, கடைசிப் பராமரிப்புச் செலவு மூன்றுக்கும் நகல் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. சான்றில் 'ஒழுகல்' மட்டுமே காரணமாக இருந்தால் உங்கள் படங்களை இணைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.