37.8

ஜனவரி 6, திங்கள்

பத்து நாற்பதுக்கு டே கெயாரிலிருந்து கோல். "மகனுக்கு 38.4. ஒரு மணித்தியாலத்துக்குள்ள வந்து எடுங்க." கந்தோரில் டிசம்பர் கணக்கு முடிக்கிற நாள், அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மழைக்கோட்டும் போடாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். கல்லடிப் பாலத்தில் காற்று ஆளையே தள்ளுகிறது. வாவி மண்ணிறமாகக் கிடந்தது.

கதவோரத்தில் பாய் போட்டு அன்டி அவனை மடியில் வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் உள்ளே. மிஸ் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "காலையில காய்ச்சலுக்குப் பனடோல் பாணி ஏதும் குடுத்தீங்களா?"

இல்லை என்று சொன்னேன்.

கொடுத்தேன். 6.10க்கு. ஏழரை மில்லி.

ஜனவரி 7, செவ்வாய்

வாய்க்குள் நாலு புண். உள்ளங்கையில் சிவப்புப் பொட்டு, உள்ளங்காலிலும், குண்டியிலும். டொக்டர் அவனைத் தூக்கி இருத்தக்கூட இல்லை, கதவடியில் வைத்தே கண்டுபிடித்துவிட்டார். கை கால் வாய் நோய். வைரஸ்தானாம், அன்டிபயோட்டிக் வேண்டாமாம், ஏழு முதல் பத்து நாளில் தானே போகுமாம். தண்ணி குடிக்கிறானா, சலம் போகிறானா என்று மட்டும் பாருங்கள் என்றார்.

அம்மா கேட்பதாக இல்லை. "அது அம்மாள்தான் மனே, டொக்டர்மாருக்கு என்ன தெரியும்." கொப்புளிப்பான் இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று, மீன் நிப்பாட்டியாயிற்று, வைகாசிக் குளிர்த்திக்குக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. சரி, நேர்த்தியில் பக்க விளைவு ஒன்றுமில்லை.

ஜனவரி 8, புதன்

காலை 37.8. பகல் 38.6. இரவு 37.8.

ஜனவரி 9, வியாழன்

ஒன்றும் விழுங்குகிறான் இல்லை. தோடம்பழச்சாறு கொடுத்துவிட்டு அவன் அலறியதைக் கேட்ட பிறகுதான் புளிப்பு ஆகாது என்று எனக்கு உறைத்தது. யோகட்டைக் குளிராக்கிக் கொடுத்தால் அரைவாசி போகிறது. இடியப்பத்தைப் பாலில் நனைத்துப் பார்த்தேன், துப்பிவிட்டான்.

அவன் தூங்கிய நேரம் அலுமாரியில் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். சேர்க்கும்போது தந்தது, இரண்டு பக்கம், அடியில் என் கையெழுத்து. வாசிக்காமலே வைத்திருக்கிறேன். இன்றைக்கு வாசித்தேன். 38 பாகைக்கு மேல் போனால் வீட்டுக்கு. பனடோல் இல்லாமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் திரும்பி வரலாம். பனடோல் இல்லாமல் என்பதன் கீழ் கோடு போட்டிருக்கிறார்கள், அச்சிலேயே. வயிற்றோட்டம் என்றால் நின்று 48 மணித்தியாலம். கொப்புளிப்பான் என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும் வரை. மருந்து கொண்டுவந்தால் அதன் சொந்தப் போத்தலில், பெயர் ஒட்டியபடி, அளவும் நேரமும் எழுதிய படிவத்தோடு. வேறு போத்தலில் ஊற்றி அனுப்பினால் வாங்க மாட்டார்களாம். ஊசி அட்டையின் கொப்பியும் வேண்டும், ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். கை கால் வாய் நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்றால், காய்ச்சல் விட்டு, புண் காய்ந்து, பிள்ளை வழமைபோல் இருந்தால் வரலாம். ஆனால் இந்த வைரஸ் மலத்தோடு கிழமைக்கணக்கில் வெளியே போய்க்கொண்டிருக்கும் என்று டொக்டரே சொன்னார். அப்படியென்றால் நான் என்னத்துக்கு நாலு நாளாக லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன்? கோல் எடுத்து மிஸ்ஸிடம் கேட்டேவிட்டேன், கொஞ்சம் சூடாகத்தான். அவர் சூடாகவில்லை. "கிழமைக்கணக்கா வீட்டுல வைக்கச் சொன்னா எந்த அம்மா வேலைக்குப் போறது? தொத்துறத முழுசா நிப்பாட்ட ஏலாது, குறைக்கத்தான் ஏலும். வாய்ப்புண்ணால வீணி வடியிற நேரந்தான் கூடத் தொத்தும். மறுகா இன்னொண்டு, எங்களிட்டப் பதினாலு பிள்ளையள், மூண்டு பேர். வருத்தக்காரப் பிள்ளைக்கு ஒரு மடி வேணும். அந்த மடி போனா மிச்சப் பிள்ளையள ரெண்டு பேர்தான் பாக்கணும்."

மடி. தாளில் அந்தச் சொல் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

வாட்ஸ்அப் குரூப்பில் மிஸ் போட்டிருக்கிறார்: நிலையத்தில் ஒரு பிள்ளைக்குக் கை கால் வாய் நோய், பெயர் சொல்லப்படாது, அறிகுறிகள் இவை, தினமும் பார்த்து அனுப்புங்கள். நல்ல விஷயம் என்றுதான் நினைத்தேன், கீழே வந்ததை வாசிக்கும் வரை.

"யார்ட பிள்ளை?" "பேர் சொன்னாத்தானே நாங்க கவனமா இருக்கலாம்." பிறகு அந்தப் பத்து மாதப் பெண்பிள்ளையின் அம்மா, காலையில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் தினமும் என்னோடு சிரிப்பவர்: "காய்ச்சலோட கொண்டுவந்து விட்டுட்டுப் போறவங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையா? என்ட பிள்ளைக்கு இண்டைக்கு 39."

கும்பிடுகிற கை ஒன்று போட்டேன். வேறு என்ன போடுவது.

திங்கள் தொற்றி வெள்ளி காய்ச்சல். மூன்று முதல் ஆறு நாள் என்று டொக்டர் சொன்ன கணக்கு. கணக்கு சரியாக வருகிறது.

ஜனவரி 11, சனி

காய்ச்சல் இல்லை. பனடோல் இல்லாமல்.

ஜனவரி 12, ஞாயிறு

இரவு இதுதான் மண்டைக்குள் ஓடியது. என் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் எங்கேயும் போகவில்லை. புது வருடத்தன்றுகூட மழையில் வீட்டுக்குள்தான். அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். அப்படியென்றால் எனக்கு முன்னால் இன்னொரு அம்மா, இன்னொரு காலை 6.10. அவவை எனக்குத் திட்ட வரவில்லை. இரண்டு மூன்று முகம் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

அவர் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்து மகனுக்குப் பாட்டுப் பாடினார். "ஒரு நாள் பாணி குடுத்து அனுப்பினதுக்கு ஏன் இப்பிடி" என்கிறார். அவருக்கு லீவுக் கணக்கு இல்லை, அதனால் இந்தக் கணக்கும் இல்லை. தற்செயல் லீவு வருடத்துக்கே 7. ஜனவரி 12க்குள் நாலரை போய்விட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நேற்றுப் போயா, இன்று பொங்கல், இரண்டு நாள் லீவு வெட்டாமல் கிடைத்தது. மழை விட்ட நேரமாகப் பார்த்து முற்றத்தில் பொங்கினோம். அவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். வெறும் சர்க்கரைப் பொங்கலுக்கு நான் அழுததை அம்மா பார்த்துவிட்டு அடுப்புப் புகை என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஜனவரி 15, புதன்

திரும்பவும் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே மிஸ் அவன் கையை விரித்துப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, காய்ச்சல் பார்த்து, அதன் பிறகுதான் உள்ளே எடுத்தார். இதற்கு முன்னும் இப்படிப் பார்ப்பார்கள்தான், நான் அவசரத்தில் ஹெல்மட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருப்பேன். உள்ளே குளோரின் வாசம். துணிப் பொம்மைகள் எல்லாம் மறைந்துவிட்டன, கழுவக்கூடிய பிளாஸ்டிக் மட்டும். வாசலில் இருந்த சானிடைசர் போத்தலுக்குப் பதில் சவர்க்காரமும் வாளியும். இந்த வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவு கேட்காதாம், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் கழுவத்தான் வேண்டுமாம். அன்டிமார் பம்பர்ஸ் மாற்றிய பிறகு ஒவ்வொரு தரமும் கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்திருக்கிறது.

ஒரு அன்டி இருமிக்கொண்டு நின்றார். தாளில் ஊழியருக்கும் அதே விதிதான், வருத்தம் என்றால் வரக்கூடாது. நாள் சம்பளக்காரி எப்படி வராமல் இருப்பது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. வராத நாளுக்கும் என்னிடம் முழுக் காசு வாங்குகிறார்கள், அது எங்கே போகிறதோ.

போகும்போது சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன், "மிஸ், அண்டைக்குக் காலையில..." அவர் முடிக்க விடவில்லை. "தெரியும். பத்து மணிக்கு ஏறுற காய்ச்சலெல்லாம் ஆறு மணிக்குப் பாணி குடிச்ச காய்ச்சல்தான். நானும் பிள்ளை வளத்தவதான். சொல்லியிருந்தா ஒன்பது மணிக்கே ஒருக்காப் பாத்திருப்பன், அவ்வளவுதான்."

பாலம் முழுக்க அந்த அவ்வளவுதான் கூடவே வந்தது.

பத்து மாதக்காரி இன்னும் வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

அவள் வந்துவிட்டாள். அம்மா சிரித்தார். நானும்.

ஜனவரி 19, ஞாயிறு

பின்னேரம் 39.2. இருமல் இல்லை, சளி இல்லை, வாயில் ஒன்றும் இல்லை. டோர்ச் அடித்து நாலு தரம் பார்த்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

இந்த முறை மிஸ்ஸுக்கு 6.10க்கு முன்னமே மெசேஜ். "காய்ச்சல், வர மாட்டான், காரணம் தெரியாது." உடனே பதில்: "சலம் போறானா? பனடோல் தவிர வேற காய்ச்சல் மருந்து குடுக்க வேணாம்." காரணம் எனக்கே தெரியும். மழைக்காலம். அம்மாவும் நானும் முற்றத்தில் கவிழ்க்காதது ஒன்றுமில்லை, சிரட்டை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு. அதில் தண்ணி நின்றது. எத்தனை நாளாக?

இல்லை, டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிற நுளம்பு. பகலில் அவன் எங்கே இருக்கிறான்? இந்த யோசனையை நிறுத்த வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

மூன்றாம் நாள். இரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 1,48,000. நாளைக்கும் எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு, மண்ணிறச் சாப்பாடு ஒன்றும் கொடுக்க வேண்டாமாம், சத்தியில் இரத்தம் வந்தால் பிரித்துப் பார்க்க ஏலாமல் போய்விடுமாம். இளநீர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கஞ்சி.

லீவு ஆறரை.

ஜனவரி 22, புதன்

1,21,000. லீவு முடிந்தது. மேலாளர் "சரி, சம்பளமில்லாத லீவு" என்றார், மரியாதையாகத்தான்.

ஜனவரி 23, வியாழன்

காலையில் 36.9. பனடோல் கடைசியாக நேற்று மாலை ஆறுக்கு. பாயில் எழும்பி இருந்து பிஸ்கட் கேட்டான். என் கை தானாகவே எண்ணத் தொடங்கிவிட்டது, 24 மணித்தியாலம் என்றால் இன்று மாலை ஆறு, நாளை வெள்ளி, திங்கள் கொண்டுபோய் விடலாம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம், நேர்த்தியை இரட்டிப்பாக்கினார்.

ரிப்போட்டைக் காட்டப் போனால் டொக்டரின் முகம் வேறு மாதிரி. 88,000. "காய்ச்சல் விட்டிட்டுதே டொக்டர்." "அதுதான் அம்மா. டெங்குவுல காய்ச்சல் விடுற நேரந்தான் நாங்க பயப்படுறது. இனி ஒரு நாள், ரெண்டு நாள் கண்ண எடுக்கப்படாது. இப்பவே வார்டுக்குக் கொண்டு போங்க."

அந்தத் தாளைப் பதினாலு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். பதினாலு நாளும் இறங்க வேண்டும், இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த எண்.

பெரியாஸ்பத்திரி. அவனை வலை போட்ட கட்டிலில் விட்டிருக்கிறார்கள். இனி நான்தான் எழுத வேண்டுமாம், எவ்வளவு குடிக்கிறான், எவ்வளவு சலம் போகிறான், நேரத்தோடு. நேர்ஸ் ஒரு தாள் தந்தார். அளவுக் கோப்பை ஒன்றும். மிஸ்ஸிடமிருந்து கோல் வந்தது, நான் எடுக்கவில்லை, பிறகு எடுப்பேன்.

ஜனவரி 24, வெள்ளி

அதிகாலை 2.10 ஜீவனி 40 மில்லி.

2.50 சலம், 60.

3.30 இளநீர் 30. மிச்சத்தைத் தட்டிவிட்டான். எவ்வளவு ஊற்றியது என்று