பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு போர்டு வந்த கதை

நாங்கள் கேட்டது பள்ளி வாசலில் ஒரு வேகத்தடையும் ‘30’ போர்டும், அவ்வளவுதான். ஏழு மாதம் அலைந்தோம்.

முதலில் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தலைவர் நிதானமாக, "இது நம்ம ரோடே இல்லீங்க" என்றார். ரோட்டோர கிலோமீட்டர் கல்லுக்குத் தலை பச்சை, அப்படியென்றால் மாநில நெடுஞ்சாலையாம். தினமும் அந்தக் கல்லில் காலை வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கிறேன், நிறத்துக்கு அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி என்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். தீர்மான நகல், போட்டோக்கள், வாசலில் நடந்த இரண்டு விபத்துகளின் எஃப்.ஐ.ஆர். நகல். மனுவை நகர்த்தியது அந்த எஃப்.ஐ.ஆர்.தான் என்பது என் கணிப்பு. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அது போய், ஒருநாள் நெடுஞ்சாலைத் துறை, போலீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் மூன்று தரப்பும் ஒன்றாக வந்து இறங்கினார்கள், காலை பதினொரு மணிக்கு! பிள்ளைகள் வகுப்பில், ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. கெஞ்சியதில் உதவிப் பொறியாளர் மட்டும் பள்ளி விடும்வரை இருந்தார். நாலேகாலுக்கு ஒரு டிப்பர் லாரி ஹாரனை அமுக்கியபடியே சைக்கிள் கூட்டத்துக்குள் புகுந்து போனது, அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

இருந்தும் வேகத்தடை கிடையாது என்றார். முறைப்படி போட்டால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டுமாம், நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி வைக்கிற மேடு பைக்காரனைத்தான் தள்ளிவிடும். கிடைத்தது ஜீப்ரா கோடும், வண்டியைத் தடதடக்க வைக்கிற வெள்ளைப் பட்டைகளும், போர்டும். போர்டை நாங்களே செய்து வைக்கிறோமே என்றதற்கு, அது செல்லாது என்றார் போலீஸ்காரர். மோட்டார் வாகனச் சட்டம் 112-ம் பிரிவுப்படி அரசோ, அரசு அதிகாரம் கொடுத்தவரோ அறிவிக்கை போட்டு, அதன்படி வைக்கிற போர்டுக்குத்தான் மதிப்பு. ஏற்கெனவே இருந்த முக்கோணப் போர்டு வெறும் எச்சரிக்கை, சிவப்பு வட்டம்தான் உத்தரவு.

ஒருவழியாக மே மாதம் போர்டு வந்தது, பள்ளிக்கு லீவு. ஜூனில் திறந்தபோது அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ‘3’ மறைந்து ‘0’ மட்டும் தெரிந்தது. ஈரத்துணியும் பழைய பிளேடுமாகப் போய்ச் சுரண்டி எடுத்தேன், இறந்தவரின் மீசை மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.