மேலுக்கு முடியலைன்னு இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? ஓஇடி எழுதும் நெல்லை நர்சுகளுக்கு

பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் நர்சிங் முடித்துவிட்டு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுத உட்காரும் பிள்ளைகள் முதலில் எடுப்பது நோய்ப் பெயர்ப் பட்டியலைத்தான். டிஸ்ப்னியா, எடிமா, ஹைப்பர்டென்ஷன் எல்லாம் கல்லூரியிலேயே படித்தவை. அவற்றில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாறுவது வேறு இடத்தில். "கிறுகிறுன்னு வருது", "மேலெல்லாம் உளையுது", "நெஞ்சு கரிக்குது" என்று நம்ம ஊர் ஆச்சி சொல்வதை ஓர் இங்கிலாந்துப் பாட்டி எப்படிச் சொல்வாள் என்பது தெரிவதில்லை. ஸ்பீக்கிங்கில் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோதான் பேசுவார். லிசனிங் முதல் பகுதியிலும் இரண்டு நோயாளிகள் பேசுவார்கள். 24 இடங்களை நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும்.

அதனால் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஊர்ச்சொல், அடுத்ததில் நோயாளி வாயால் வரும் இங்கிலீஷ், கடைசியில் எழுத்துத் தேர்வுக் கடிதத்தில் எழுதும் சொல். எப்போதும் ஊர்ச்சொல்லில் இருந்தே தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். தனிச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள்.

அதிகம் மதிப்பெண் போவது 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் மூன்று. "மயக்கமா வருது" என்றால் 'ஐ ஃபீல் லைட்ஹெடட்' அல்லது 'ஐ ஃபீல் ஃபெய்ன்ட்'. வீடே சுற்றுவதுபோல் கிறுகிறுத்தால் 'தி ரூம் இஸ் ஸ்பின்னிங்', கடிதத்தில் வெர்ட்டிகோ. நினைவு தப்பி விழுந்துவிட்டால் 'ஐ பாஸ்ட் அவுட்'. கடிதத்தில் லாஸ் ஆஃப் கான்ஷியஸ்னஸ். மூன்றுக்கும் 'கிடினெஸ்' என்றே எழுதினால், விழுந்தாரா இல்லையா என்பதே கடிதம் வாசிப்பவருக்குத் தெரியாது. விழுந்தவருக்கும் விழாதவருக்கும் செய்யும் பரிசோதனை ஒன்றல்ல. "டிட் யூ ஆக்சுவலி பாஸ் அவுட்?" என்று கேட்டுத் தெளிவு செய்யும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

வலியில் நம் தமிழ் பணக்காரத் தமிழ். முக்கூடல் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவர் "தோள்பட்டை உளையுது" என்பார். அது 'டல் ஏக்'. சீழ் கட்டிய பல் விண்ணு விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்'. சுருக்கென்று குத்தினால் 'ஸ்டாபிங்'. வயிறு பிசைவது 'கிராம்பிங்'. ராத்திரி கெண்டைக்காலில் பிடிக்கும் குரக்குவலியும் 'கிராம்ப்'தான். திகுதிகு என்றால் 'பர்னிங்'. நெஞ்சு கரிப்பது 'ஹார்ட்பர்ன்'. ஆனால் நெஞ்சை அமுக்குவது 'டைட்னஸ்', இன்னும் கடுமையானால் 'கிரஷிங்'. கரிப்பதையும் அமுக்குவதையும் குழப்பவே கூடாது. அமுக்குவது மாரடைப்பாக இருக்கலாம். இன்னொரு கண்ணி: ஊசி குத்துவதுபோல் வலி என்பதை 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அது வலியல்ல, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எழுந்ததும் வரும் மதமதப்பு. மரத்தே போய்விட்டால் 'நம்'.

'சிக்' என்ற சொல்லும் ஏமாற்றும். இங்கிலாந்துக்காரர் 'ஐ ஃபீல் சிக்' என்றால் பெரும்பாலும் குமட்டுகிறது என்று பொருள். 'ஐ வாஸ் சிக் ட்வைஸ்' என்றால் இரண்டு முறை வாந்தி எடுத்தார். மேலுக்குச் சுகமில்லை என்று பொதுவாகச் சொல்ல 'அன்வெல்', 'புவர்லி', 'அண்டர் தி வெதர்' என்பார்கள். சத்தே இல்லாத அசதிக்கு 'ரன் டவுன்'. தடுமன் பிடித்து மூக்கடைத்தால் 'பங்ட் அப்'. இவை காதில் விழுந்தால் புரிய வேண்டும். நர்சாகப் பேசும்போது நீங்களே அள்ளி வீச வேண்டியதில்லை.

நாம் இங்கிலீஷ் என்று நம்பிக்கொண்டிருக்கும் சிலவற்றை விட்டுவிட வேண்டும். லூஸ் மோஷன் என்பது டையரியா. வாமிட்டிங் சென்சேஷன் என்பது நாசியா. 'ஹி ஹாஸ் பிபி' என்றால் அங்கே யாருக்கும் விளங்காது, பிபி இல்லாத மனிதர் யார்? 'ஹை பிளட் பிரஷர்' என்று முழுசாகச் சொல்லுங்கள். சுகர் என்பது டயபிடிஸ். கேஸ் ட்ரபிள் என்றால் வயிறு உப்புசமா, ஏப்பமா, செரிமானக் கோளாறா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்: புளோட்டிங், பர்ப்பிங், இன்டைஜெஷன். 'சூடு' இருக்கிறதே, அதற்கு நேர்ச்சொல்லே கிடையாது. 'பாடி ஹீட்' என்றால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். சூட்டால் என்ன வந்தது என்பதைச் சொல்லுங்கள்: வாய்ப்புண் 'மவுத் அல்சர்', சூட்டுக்கட்டி 'பாயில்', நீர்க்கடுப்பு 'இட் ஸ்டிங்ஸ் வென் ஐ பீ', அதுவே கடிதத்தில் டிஸ்யூரியா.

இலக்கணத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது: 'ஐ ஆம் ஹாவிங் காஃப் சின்ஸ் த்ரீ டேஸ்'. "மூணு நாளா இருமல் இருக்கு" என்பதை அப்படியே தூக்கி வைப்பதால் வருவது. 'ஐ ஹாவ் ஹாட் எ காஃப் ஃபார் த்ரீ டேஸ்' என்பதே சரி. எத்தனை நாள் என்ற அளவுக்கு 'ஃபார்'. திங்கட்கிழமை போலத் தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'மை லெக் இஸ் பெயினிங்' கூடாது, 'மை லெக் ஹர்ட்ஸ்'. காஃப், கோல்டு, ஹெட்ஏக், டெம்பரேச்சர் இவற்றுக்கு முன் 'எ' வேண்டும். ஆஸ்மா, டயபிடிஸ், நியூமோனியாவுக்கு வேண்டாம்.

உச்சரிப்பில் எழுத்தைப் பார்த்து வாசித்தால் கெட்டது. ஏக் என்பதை 'ஆச்' என்கிறார்கள். சளியைச் சொல்லும் ஃப்ளெம்மில் 'ஜி' ஒலிக்காது. நியூமோனியாவில் 'பி' ஒலிக்காது.

எழுத்துத் தேர்வு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் குறிப்புகளை வாசிக்க மட்டும். கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொல். மூன்றாம் கட்டத்துச் சொற்கள் இங்கேதான் வேலை செய்யும், ஆனால் கடிதம் யாருக்கு என்று முதலில் பாருங்கள். டாக்டருக்கென்றால் டிஸ்யூரியா. சமூகப் பணியாளருக்கென்றால் இரண்டாம் கட்டத்துக்கு இறங்கி, சிறுநீர் கழிக்கையில் வலி என்று எளிய இங்கிலீஷில் எழுத வேண்டும்.

ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல்பிளே. ஒவ்வொன்றுக்கும் தயாராக 3 நிமிடம், பேச ஏறக்குறைய 5 நிமிடம். வீட்டில் இரண்டு பேராகச் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் நோயாளி, அவர் வள்ளியூர், அம்பாசமுத்திரத்துத் தமிழிலேயே "ஏட்டி, ரெண்டு நாளா மண்டையிடி தாங்கல" என்று முறையிடட்டும். மற்றவர் அதை அப்போதே இங்கிலீஷாக்கி, கேள்வியாகத் திருப்பிக் கேட்க வேண்டும்: எங்கே, எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட வலி, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். திக்கிய ஊர்ச்சொல் எதுவோ, அது அன்றைக்கே நோட்டின் முதல் கட்டத்தில் ஏறட்டும்.