முதல் கூட்டத்துக்குத் தயங்குபவர்களுக்கு

குடியை விட நினைக்கும் நண்பர் ஒருவர், குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டத்தைப் பற்றிக் கேட்டார்: "அங்கே போனால் எழுந்து பேசச் சொல்வார்களா?" கட்டாயம் எதுவும் இல்லை. முழுப் பெயர்கூட வேண்டாம். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும்; பேச்சு அடுத்தவரிடம் போய்விடும்.

1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இரண்டு பேருமே குடியில் தத்தளித்தவர்கள்; அதனால்தான் அங்கே உபதேசம் குறைவு என்று நினைக்கிறேன். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே தகுதி.

கூட்டம் தேடும்போது 'திறந்த கூட்டம்' என்றிருந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற குழு தனியாக இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் வரும் கடவுள் பேச்சு உறுத்தினால், மதம் சாராத ஸ்மார்ட் ரெகவரி என்ற குழுவின் பக்கம் போகலாம். கூச்சமா? இணையவழிக் கூட்டங்களும் உண்டு. ஒரு குழு ஒத்துவரவில்லையென்றால் வேறொன்றைப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் கூட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.