குறுவைக் காலத்தில் கல்லூரிக் கட்டணம்: முதுநிலை மாணவர்களுக்கு என் உதவித்தொகை அனுபவம்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாட்களில், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் இருக்கும் காசெல்லாம் விதைக்கும் உழவுக்கும் போய்விடும். முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கைக் கட்டணமும் அதே நாட்களில்தான் வந்து நிற்கும். நான் எம்.எஸ்சி. சேர்ந்த ஆண்டில், குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் பார்க்க அக்டோபர் ஆகிவிடும் என்றார் அப்பா. உதவித்தொகை அதற்கும் பிந்தித்தான் வரும் என்பது சேர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆகவே உதவித்தொகை கிடைக்குமா என்று பார்ப்பதோடு, எந்த மாதத்தில் கைக்கு வரும், அதுவரை எதைக் கொண்டு சமாளிப்பது என்பதையும் சேர்க்கைக்கு முன்பே கணக்கிட்டுவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான மாநில அரசின் முதுநிலை உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் வரம்பு அதுதான். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகத் தாலுகா அலுவலகம் போய்ச் சேரும். எங்கள் குடும்பம் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுவதால் சிட்டா எங்கள் பெயரில் இல்லை. டெல்டாவில் பல வீடுகளின் நிலை இதுதான் என்பதால், குத்தகை ரசீதையும் அடங்கல் நகலையும் முதல் நாளே கையில் எடுத்துச் செல்லுங்கள். நான் அவற்றுக்காக மூன்று முறை நடந்தேன்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மாநில உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழில் விவசாய வருமானமும் சேரும். ஆனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வான யுஜிசி-நெட்டில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீடு கோருவதற்கான, கிரீமிலேயர் (அந்த வகுப்பினரில் வசதி மிக்கவர்) அல்லாதவர் என்ற சான்றிதழில், 8 லட்சம் ரூபாய் என்ற வருமான வரம்பைக் கணக்கிடும்போது சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. நிலத்துக்கு அங்கே தனி அளவுகோல் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு சம்பளமும் கொஞ்சம் நிலமும் இருப்பதாலேயே தனக்குத் தகுதியில்லை என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தச் சான்றிதழைக் கேட்காமலே இருந்துவிட்டாள். பள்ளியில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்பும் எனக்கு நான்கு மாதங்கள் பணம் வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் 'போட்டாச்சு' என்றார்கள், வங்கியில் 'வரவில்லை' என்றார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்காக அதை, வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பட்டியலில் ஏற்றுவது வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் கடைசியாக ஏறிய வங்கிக்கே பணம் போகும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எப்போதோ தெருவில் முகாம் போட்டுத் திறந்து கொடுத்த, நான் மறந்தே போன ஒரு கணக்கில் என் பணம் பத்திரமாகக் கிடந்தது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இடைவெளியை அடைக்க நான் முதலில் செய்தது, துறைத் தலைவரின் பரிந்துரையோடு, கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்ததுதான். கேட்டால்தான் கிடைக்கும், கேட்க வெட்கப்பட்டு மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்களை நான் அறிவேன். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லை. ஆனால் படிப்புக் கால வட்டியை அரசே ஏற்கும் மத்தியத் திட்டம் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது என்பதால், கலை அறிவியல் முதுநிலை மாணவர்கள் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு, நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைதான் உறுதியான துணை. 2023 ஜனவரி 1-இலிருந்து இதன் தொகை, ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். பெற்றோர் வருமான வரம்பு கிடையாது. ஜேஆர்எஃப் இல்லாமல், திருவாரூரில் இருப்பது போன்ற மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வில் சேர்ந்தால் மாதம் 8,000 ரூபாய்தான் என்பதால், எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே தேர்வை எழுதத் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு மாதமும் ஆய்வாளர் பணியில் இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்தால்தான் தொகை விடுவிக்கப்படும். எங்கள் துறையில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் நீண்ட விடுப்பில் போனபோது மாற்று ஆள் இல்லாமல் இரண்டு மாதப் பணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு, மாதக் கடைசியில் அந்த அறைக்கு ஒரு நடை போய், என் பெயருக்கு எதிரே குறி விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் பேருந்து ஏறுவேன்.