பதினாலாம் நம்பர் பின்

நான் குடியிருக்கும் ஊரின் பெயர் பின்னர். வடமேற்கு லண்டனில், மெட்ரோபாலிட்டன் லைனில், ஹாரோ மலையைத் தாண்டி இரண்டாவது ஸ்டேஷன். வீடு பார்த்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வீடு எங்கடா பாத்திருக்கே?"

"பின்னர்."

"பின்னர்னா எப்போ? இப்பவே சொன்னா என்ன, வாய் வலிக்குதா?"

அது ஊர்ப்பெயர்தான் என்று நம்ப வைக்க ஐந்து நிமிடம் ஆனது. "பேரே தள்ளிப்போடற மாதிரி இருக்கே, வேற ஊரே கிடைக்கலியா" என்று போனை வைத்தாள்.

இந்த ஊரில் எதையும் தள்ளிப்போட மாட்டார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? 1885-இல் இங்கே ரயில் வந்தது. அப்புறம் ரயில் கம்பெனியே தன்னிடமிருந்த உபரி நிலத்தில் வீடு கட்டி விற்றது. 1915-இல் இந்தப் பக்கத்துக்கெல்லாம் 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. காலையில் ரயிலேறி லண்டனுக்கு வேலைக்குப் போ, சாயங்காலம் திரும்பி வந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்று. விளம்பரத்தின் சாரம் அவ்வளவுதான். நூறு வருஷமாகியும் யாரும் அதை மீறியதாகத் தெரியவில்லை.

எங்கள் தெரு 1930-களில் கட்டியது. சிவப்பு ஓட்டுக் கூரை, தொப்பை மாதிரி முன்னால் துருத்தும் ஜன்னல், இரண்டிரண்டு வீடாக ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள். எல்லாம் ஒரே அச்சு. குடிவந்த முதல் வாரம் ஓர் இருட்டு நேரத்தில் இருபதாம் நம்பர் கதவில் என் சாவியைப் போட்டு, திறக்கவில்லையே என்று தோளாலும் இடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கதவைத் திறந்து, "சாரி" என்றார். அவர் வீடு, அவர் கதவு, சாரியும் அவரே.

ஒட்டிய வீட்டுக்காரர் பதினெட்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தோம். திங்களன்று வாசலில் பார்த்தவர், "வீட்டில் கட்டட வேலை நடக்கிறதோ? ரொம்ப நல்லது" என்றார். எவ்வளவு அக்கறை என்று உருகிப்போய் வீட்டுக்குள் வந்து சொன்னேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து சட்னி முந்தின நாள் மாலையே அரைபட்டு ஃப்ரிட்ஜுக்குள் போய்விடுகிறது.

இப்படியே மூன்று வருஷம். தெருவில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரோடும் மழையைப் பற்றிப் பேசியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை நகரவில்லை.

பின்னர் என்ற ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது பின். குப்பைத் தொட்டியைச் சொல்கிறேன். சக்கரம் வைத்து, இடுப்பு உயரம் இருக்கும். நீல பின்னில் மறுசுழற்சிக் குப்பை. மற்றதில் மிச்சக் குப்பை. அதன் நிறம் கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஒரு வாரம் இது, மறு வாரம் அது. எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமை விடிகாலை லாரி வரும். புதன் சாயங்காலமே, கைப்பிடி ரோட்டைப் பார்க்க, மூடி முழுசாக மூடியிருக்க, வாசலில் நிறுத்திவிட வேண்டும். ஊரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டிக்குப் பின்னால் வாளியோடு ஓடி வளர்ந்தவனுக்கு, சத்தமே இல்லாத இந்த ஒழுங்கு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இந்த வாரம் எந்த நிறம்? அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். பதினாலாம் நம்பரில் தனியாக இருக்கும் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், புதன்கிழமை மாலை ஆறரைக்குத் தன் பின்னை உருட்டி வருவார். கடகடகடவென்று சத்தம் கேட்கும். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டில் திரைச்சீலை ஆடும். எதிர்வரிசையில் பதினேழு ஜன்னலுக்கு வருவார். அப்புறம் தெரு முழுக்கக் கடகட. நம்மூரில் பிறை பார்த்து நோன்பு பிடிப்பது போல இங்கே பாட்டியின் பின்னைப் பார்ப்பது.

போன மே மாதக் கடைசியில் பாட்டி எங்கள் மணியை அடித்தார். டெவனில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறாராம். "புதன்கிழமை என் பின்னைக் கொஞ்சம் வெளியே வைக்க முடியுமா? எதை வைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

மூன்று வருஷமாக உங்களைப் பார்த்துத்தான் காப்பியடிக்கிறேன் பாட்டி என்று சொல்லியிருக்கலாம். "ஓ, தெரியுமே" என்றேன்.

அந்தப் புதன்கிழமை ஊரில் திருவிழா. மூன்றாம் எட்வர்ட் மன்னர் 1336-இல் கொடுத்த சாசனத்தின்படி இன்றும் நடக்கிறது. மே கடைசித் திங்கள் வங்கி விடுமுறை, அதற்கடுத்த புதன் திருவிழா. கடைவீதியை அடைத்து நடுரோட்டில் ராட்டினத்தை நிறுத்திவிடுவார்கள். மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் கிசுகிசுத்துப் பேசும் ஜனம் அன்று ஒரு நாள் அலறும். பஞ்சுமிட்டாய் முகத்தில் ஒட்டியபடி மகளும், என்னால் ஒரு பொம்மையைக்கூடச் சுட்டு விழ வைக்க முடியவில்லை என்ற மனத்தாங்கலோடு மனைவியும், நானும் வீடு திரும்பும்போது எட்டு மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. தெருவில் ஒரு பின்கூட இல்லை.

ஒன்றுகூட இல்லை. விடுமுறை வாரம் வேறு, ஒரு நாள் தள்ளிப்போகுமோ என்னவோ என்ற குழப்பம். தெரு மொத்தமும் பதினாலைப் பார்த்துக் காத்திருந்தது.

ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் திருப்பதிப் பெருமாள் காந்தத்துக்கு அடியில் செருகியிருந்த கவுன்சில் அட்டவணையைப் பார்த்தேன். வியாழன்தான் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். நிறம், கறுப்புச் சாம்பல். பாட்டியுடையதை உருட்டிவந்து கைப்பிடியைத் திருப்பி நிறுத்தினேன். எங்களுடையதையும் நிறுத்தினேன்.

இரண்டு நிமிடம். பன்னிரண்டு கடகட. இருபது கடகட. எதிரே பதினொன்று, பதிமூன்று, பதினைந்து. மாடி ஜன்னலில், விளக்கை அணைத்துவிட்டு, திரைச்சீலையை விரல்கடை நீக்கி நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு காட்சியை மறக்கவே மாட்டேன். பதினேழாம் நம்பர்க்காரர் அன்று அதிசயமாக நீலத்தை உருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பதினாலை ஒருமுறை உற்றுப் பார்த்தார். நீலத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், மற்றதை எடுத்துவந்து வைத்தார்.

"பாத்தியா, தெருவே நம்ம பேச்சைக் கேக்குது" என்றேன் மனைவியிடம்.

காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. தெருமுனையில் நின்றது. இறங்கிய இருவர் வரிசையாக நின்ற பின்களைக் கடைசி வரைக்கும் பார்த்தார்கள். ஒருவர் இன்னொருவரின் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். லாரி எங்கும் நிற்காமல் போய்விட்டது.

ஃப்ரிட்ஜுக்குப் போய் அட்டவணையை உருவினேன். பெருமாள் தன் திருவடியால் மறைத்திருந்த மூலையில் வருஷம் அச்சிட்டிருந்தது. போன வருஷம்.

வெளியே ஒவ்வொரு கதவாகத் திறந்தது. இரவு அங்கியோடு, கையில் டீக் கோப்பையோடு வந்து, யாரும் யாரையும் பார்க்காமல் அவரவர் பின்னை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள். பதினெட்டு மட்டும், "விடுமுறை வாரம் பாருங்கள், லாரிக்காரர்களுக்கு ஒரே குழப்பம்" என்றார்.

"பாவம்" என்றேன். இந்த வாழ்க்கையில் நான் சொன்ன கோழைத்தனமான வார்த்தைகளில் அது முதல் மூன்றுக்குள் வரும்.

அடுத்த வாரம் மற்றதன் முறை. ஆக, நீலம் நாலு வாரத்துக் குப்பையைச் சுமந்தது. மூடி மூடவில்லை. மூடாததால் இத்தனை வருஷம் மூடி காத்த ரகசியங்கள் வெளியே வந்தன. பன்னிரண்டில் இவ்வளவு ஒயின் பாட்டிலா? கீரையைத் தவிர ஒன்றும் தொடமாட்டேன் என்று சொல்லும் பதினைந்தில் பீட்சா அட்டைப் பெட்டி அடுக்கு. எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் டின்னாகக் குவிந்திருந்ததைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ. பதினேழு ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி, பின்னுக்குள் இறங்கி, அட்டைப்பெட்டிகளை மிதித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பளவு குப்பையில் நின்றபடியே, "இன்றைக்கு வெயில் பரவாயில்லை" என்றார். ஆமாம் என்றேன்.

பாட்டி ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவிட்டார். டெவனிலிருந்து ஒரு பொட்டலம் ஃபட்ஜ் கொண்டுவந்து கொடுத்தார். நம்மூர் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. சாவியை வாங்கிக்கொண்டு, தன் நீல பின்னின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக இறக்கினார்.

"வாரம் இன்ட்ரஸ்டிங்காப் போனதாமே" என்றார்.

அவ்வளவுதான். இங்கே 'இன்ட்ரஸ்டிங்' என்றால் என்ன அர்த்தம் என்பது மூன்று வருஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மறுநாள் கதவிடுக்கில் ஓர் உறை கிடந்தது. உள்ளே இந்த வருஷத்து அட்டவணை. தேதிகளுக்கு மேல் பென்சிலால் நீலத்துக்கு ஒரு வட்டம், மற்றதற்கு ஒரு சதுரம், நடுங்கும் கையெழுத்தில்.

புதன்கிழமை ஆறரை ஆனது. கடகட சத்தம் இல்லை. ஆறே முக்கால். பாட்டிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று ஜன்னலுக்குப் போனேன். பதினாலில் திரைச்சீலை விரல்கடை விலகியிருந்தது. எதிரே பதினேழிலும். பன்னிரண்டிலும். எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்து.

"என்னங்க, எல்லாரும் நமக்காகக் காத்திருக்காங்க" என்றாள் மனைவி.

அட்டவணையை எடுத்தேன். சதுரம். மகளிடம் கொடுத்து வருஷத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். சரிதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய், கறுப்புச் சாம்பலை உருட்டிவந்து, கைப்பிடி ரோட்டைப் பார்க்க நிறுத்தினேன். திரும்பி நடப்பதற்குள் பாட்டியின் கதவு திறந்தது.

கடகடகட.