நாரியும் செருப்பும்

மே 4

இன்று கிணற்றில் எங்கள் இறைப்பு முறை. தம்பி வரப் பிந்திவிட்டான் என்று தண்ணீர் இறைக்கிற மிசினை நானே தனியத் தூக்கினேன். நாரியில், அதாவது கீழ் முதுகில், ஒரு சொடுக்கு. பெரிதாக நோகவில்லை, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா "நாரிப்பிடிப்பு" என்று நல்லெண்ணெய் சூடாக்கித் தந்தார்.

மே 19

இது பிடிப்பு இல்லை. நோ நாரியை விட்டு இறங்கிவிட்டது. வலது குண்டியில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கத்தால் வந்து, பாதத்தின் மேற்புறத்தில் போய் நிற்கிறது. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி.

கிளினிக்கில் டொக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவிட்டு, முழங்காலை மடக்காமல் வலது காலை மெல்ல உயர்த்தினார். 40 பாகைகூட வரவில்லை, கத்திவிட்டேன். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் சுவர் கிழிந்து, உள்ளே இருக்கும் மென்மையான பகுதி பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். அநேகம் பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படாது, 6 முதல் 12 கிழமைக்குள் அடங்கிவிடும், பிதுங்கியதை உடம்பே கரைத்துக்கொள்ளும் என்றார். "படுத்தே கிடவாதேங்கோ, நடவுங்கோ." நரம்பு நோவுக்குக் குளிசை தந்தார். சிறுநீர் போகாமல் அடைத்தால், மலவாசலைச் சுற்றி விறைத்தால், இரண்டு காலும் சோர்ந்தால் இரவு பகல் பாராமல் ஓடிவர வேண்டும். இந்த மூன்றையும் மனைவி கிளினிக் கொப்பியின் மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறாள்.

ஜூன் 8

எம்.ஆர்.ஐ. ஸ்கான் வந்துவிட்டது. நாரியில் 4ஆம், 5ஆம் எலும்புகளுக்கு நடுவே. இந்த இடமும் இதற்கு அடுத்த கீழ் இடமும்தான் கூடுதலானவர்களுக்குப் பழுதாகுமாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் டொக்டர்கள். பெரியப்பா கைதடிச் சித்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். முன்வீட்டு அக்கா பலகையில் படுக்கச் சொல்கிறார். "முள்ளந்தண்டில கத்தி வைச்சால் பிறகு சக்கரக் கதிரைதான், தம்பி" என்கிறார் சித்தப்பா. அப்படி ஆன ஒரு ஆளைக் காட்டுங்கோ என்றால் பேச்சை மாற்றுகிறார்.

கனடாவிலிருந்து மருமகன் ஒரு ஆய்வை அனுப்பினான். 2007இல் வெளிவந்தது. நெதர்லாந்தில் 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்து, மற்றவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். உடனே செய்தவர்களுக்குக் கால் நோ கெதியாகப் போயிருக்கிறது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் 95 வீதமானோர் தேறிவிட்டார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 வீதமானோர் பொறுக்க முடியாமல் இடையில் கத்திக்குப் போனார்கள். சரி, நான் மிச்சம் 61இல் ஒருவனாக இருப்பேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஜூன் 21

நாலு நாளாக நோ குறைவு. நேற்று ஒரே மூச்சில் 5 மணித்தியாலம் நித்திரை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டு வந்தார்.

பின்னேரம் கடைக்குப் போய்ப் பாண் வாங்கித் திரும்பி வரும்போது ஒரு பொடியன் பின்னால் ஓடிவந்தான். "அங்கிள், உங்கட செருப்பு." குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்கால். எங்கே கழன்றது என்று தெரியாது.

வீட்டில் கதிரையில் இருந்து பார்த்தேன். இடது பெருவிரல் சொன்னதும் எழும்புகிறது. வலது பெருவிரல் அசையவில்லை. குதிக்காலில் நடந்து பார்த்தால் வலது பாதம் பொத்தென்று விழுகிறது. மனைவியிடம் சொல்ல இரவாகிவிட்டது. நோ குறைந்த சந்தோஷத்தில் அவள் அன்றைக்குப் பால் புட்டு அவித்திருந்தாள்.

ஜூன் 23

சேர்ஜன் என் பெருவிரலைத் தன் ஒரு விரலால் அமத்திப் பிடித்துவிட்டு "தூக்குங்கோ" என்றார். அவர் விரலை எடுத்த பிறகும் தூக்க முடியவில்லை. நோ குறைந்துவிட்டதே ஐயா என்றேன். பலம் போகப்போக நோ குறைவது நல்ல அறிகுறி இல்லையாம். நோவுக்காக மட்டும் என்றால் இன்னும் பொறுக்கலாம் என்றிருப்பார். பாதம் விழத் தொடங்கினால் பொறுக்கச் சொல்லமாட்டார். வருகிற கிழமை சத்திரசிகிச்சைத் தியேட்டர்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் திரும்ப வாசித்தேன். புவியீர்ப்புக்கு எதிராகக்கூடக் காலை அசைக்க முடியாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்று முதல் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறது. எனக்கு 95 மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 1

நேற்றுக் காலை சத்திரசிகிச்சை. மயக்கிக் குப்புறப் படுக்கவிட்டுத்தான் செய்வார்களாம். எனக்கு மல்லாக்கக் கிடந்ததுவரைதான் ஞாபகம். முழித்ததும் தொண்டை நோ, நாரியில் தையல் நோ. காலில் அந்தக் கரண்ட் மட்டும் இல்லை. இரண்டு மாதமாகக் கூடவே இருந்தது, இல்லாமல் போனதும் ஒருமாதிரி இருந்தது.

எடுத்த துண்டு நண்டுச் சதை மாதிரி இருந்தது என்றார் சேர்ஜன். யாழ்ப்பாணத்தானுக்கு இதையா சொல்வது!

இன்று வாட்டுத் தாதி மிஸ் வந்து எழுப்பி நடக்கவிட்டா. எழும்புவதற்கும் ஒரு முறை: முழங்காலை மடக்கி, மரக்குற்றி உருளுவதுபோலத் தோளும் இடுப்பும் ஒன்றாகச் சரிந்து, கையை ஊன்றி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட வேண்டும். முறுக்கினால் ஏச்சு விழும்.

ஜூலை 4

வீடு. ஓட்டோக்காரத் தம்பி ஒவ்வொரு கிடங்குக்கும் "அண்ணை, பிடியுங்கோ" என்று சொல்லிச் சொல்லி வந்தார். பெரியப்பா வீட்டிலிருந்து கொமட் கதிரை வந்திருக்கிறது. குந்தி இருக்கிற கக்கூஸ் இப்போதைக்கு இல்லை. காயம் ஆறும்வரை கிணற்றடிக் குளிப்பும் இல்லை. 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது, குனியக் கூடாது, தண்ணீர் வாளி தூக்கக் கூடாது.

அம்மா தன் பங்குக்குக் கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாவற்றையும் கிரந்தி, புண்ணுக்குக் கூடாது என்று தள்ளிவைத்துவிட்டார். டொக்டர் எதையும் சாப்பிடலாம் என்றார் என்று சொன்னேன். "அவர் உனக்குச் சமைக்கிறாரோ?"

ஜூலை 9

இரவு கால் நோ திரும்ப வந்தது. விடியும்வரை மற்றவர்களை எழுப்பாமல் கிடந்தேன். கிழிந்த இடத்தால் திரும்பவும் பிதுங்குவது உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். காலையில் மனைவி கொப்பி மட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிறுநீர்? போகிறது. விறைப்பு? இல்லை. காய்ச்சல்? இல்லை. வாட்டுக்குப் போன் பண்ணினால், நெரிபட்டிருந்த நரம்பு வீங்கி அடங்கும்போது இப்படி வரலாம், கூடினால் வாருங்கோ என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டது என்று இதை ஜூலை 12இல் சேர்த்து எழுதுகிறேன்.

ஜூலை 17

ஆடிப்பிறப்பு. கூழ் குடிக்கப் பிள்ளைகளோடு நிலத்தில் இருக்க முடியாது. சிரட்டையோடு தூணில் சாய்ந்து நின்றே குடித்தேன். சித்தப்பா வந்தார். நான் நிற்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கொழுக்கட்டை மூன்று எடுத்தார்.

ஆகஸ்ட் 11

ஆறு கிழமை. பாதம் விழுவது நின்றுவிட்டது. பெருவிரல் அரைவாசி எழும்புகிறது, பிறகு களைத்துப்போகிறது. பழுதான நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளருமாம். நாரியிலிருந்து கால்வரை அளவுநாடா பிடித்துப் பார்த்த மனைவி கணக்குச் சொல்லாமல் நாடாவைச் சுருட்டி வைத்தாள். பின்வார் வைத்த செருப்புத்தான் இன்னும் போடுகிறேன்.

மிசினைத் தம்பி கிணற்றடியிலேயே கொட்டில் போட்டுப் பூட்டிவிட்டான். இனித் தூக்கவே தேவையில்லை. முதலே செய்திருக்கலாம்.

பின்னேரம் சித்தப்பா திரும்ப வந்தார், இந்த முறை மெதுவாக. தனக்கும் நாரியால் இறங்கி இடது காலில் இழுக்கிறதாம், யாரிடம் காட்டினேன் என்று கேட்டார். "செருப்பு கழருதோ?" என்றேன்.

"இல்லை."

"அப்ப முதல்ல கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கோ. வெள்ளன போங்கோ, நம்பர் முடிஞ்சிடும்."